பழைய அளவு

இரண்டு ஆறுகளை இணைக்கும் அந்தக் கால்வாயில், கடல் ஏற ஏறத் தண்ணீரும் ஏறும். நடுவில் நிற்கும் தாழ்ந்த பாலத்தின் அடியில் இடைவெளி குறையும். மதகுக்காரர் போனில் நிலவரத்தைச் சொல்லிவிட்டார்.

"இப்போ பாலத்தடியில ஆறடி இடைவெளி இருக்கு. போறதுன்னா உடனே போயிடுங்க, தண்ணி ஏறிட்டே இருக்கு."

தண்ணீருக்கு மேல் படகின் உயரம் ஐந்தே முக்கால் அடி. கணவரோடு படகில் உல்லாசமாகச் சுற்றிவரலாம் என்று கிளம்பிய அன்றே, தையல்காரி தன் கடை டேப்பால் அளந்து எழுதி வைத்திருந்தாள்.

"அப்புறம் என்ன, தாராளமா போலாம்," என்றார் கணவர். பின்னால் வந்த படகு வேறு ஹாரன் அடித்து உயிரை வாங்கியது.

அவள் அசரவில்லை. பாலத்துக்கு முன்பே படகை ஒதுக்கிக் கரையில் கட்டினாள்.

"மறுபடி அளக்கணும்."

"மூணு நாள்ல படகு வளர்ந்துடுச்சா?"

"பழைய அளவை நம்பி நான் என்னிக்குத் துணி வெட்டியிருக்கேன்? அன்னிக்கு முன்பக்கத் தொட்டி நிறையத் தண்ணி இருந்துச்சு. வேளைக்கு ஒரு தரம் குளிச்சு அதைக் காலி பண்ணது யாரு?"

அவர் டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். பாரம் குறைந்த படகின் முன்பக்கம் மேலே எழும்பியிருந்தது. கூரை இப்போது சரியாக ஆறடி. போயிருந்தால் கூரை பாலத்தில் இடித்திருக்கும்.

அவள் இரண்டாவது கயிற்றையும் இறுக்கிக் கட்டினாள்.

"தண்ணி வடிய ஆறு மணி நேரம் ஆகுமே," என்றார் அவர், ஈனசுரத்தில்.

"ஆகட்டும். கால்வாய் முழுக்கத் தண்ணிதான். இறங்கி ஆசை தீரக் குளிங்க."