ஒரு வாய் ரீஸ்லிங்

துப்பியிருக்கலாம். கையெட்டும் தூரத்தில்தான் தொட்டி இருந்தது. ஒன்பது வருஷமாகத் துப்பிய வாய்தானே, அன்றைக்கு மட்டும் அதற்கு என்ன கேடு வந்தது?

ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் மாமியாரோடு தோள் இடிபட உட்கார்ந்து கல்பனா இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள். முன்னால் வண்டி ஓட்டுகிறவன் அவள் கணவன் தணிகைமணி. மற்ற நாட்களில் ஸ்டேஷனிலிருந்து முருகன் கோயில் மலைக்கு எட்டுப் பேரைத் திணித்துக்கொண்டு ஏறுகிற வண்டி. இந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு வெளி ஆள் ஒருவர்கூட இல்லாமல் மலைப்பாதையில் முனகிக்கொண்டு ஏறியது. மாமியார் தாயாரம்மாளின் மடியில் மஞ்சள் பை. பைக்குள் தேங்காய், பூ, வெற்றிலை, ஒரு டப்பா கற்பூரம். தேங்காயும் பூவும் சாமிக்கு. கற்பூரம் கல்பனாவுக்கு.

நகரிக்கு அந்தப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியின் லேபில் அவளுக்கு வேலை. கூழில் சர்க்கரை எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று கருவியில் பார்த்து எழுதவேண்டும். கருவி சொன்னது சரிதானா என்று வாயில் போட்டும் பார்க்கவேண்டும். சீசனில் ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது கிண்ணம். ஒரு கரண்டி எடுத்து நாக்கில் உருட்டி, ஸ்டீல் தொட்டியில் துப்பி, வெந்நீரில் கொப்பளித்துவிட்டு அடுத்த கிண்ணம். விழுங்க ஆரம்பித்தால் பத்தாவது கிண்ணத்திலேயே நாக்கு மழுங்கிப்போகும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் லேப் மேடம் சுசித்ரா அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே துப்பத்தான். கல்பனாவின் மகள் துர்கா இதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்: எங்கம்மா டன் கணக்குல மாங்கா துப்பியிருக்காங்க.

போன மாதம், கூழ் வாங்குகிற ஜெர்மன் கம்பெனியிலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தாள். அறிக்கையில் இவ்வளவு சுத்தமாக எழுதுகிற நாக்கு யாருடையது, நான் பார்க்கவேண்டும் என்றாளாம். வரும்போது பெட்டியில் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தாள். உயரமான, கழுத்து மெலிந்த பச்சை பாட்டில். ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்த ஒயின். முழு இனிப்பும் இல்லை, இனிப்பே இல்லாததும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் நிற்கிற வகை என்று சுசித்ரா அவள் சொன்னதைத் தமிழில் சொன்னாள். லேப் ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டுத் திறந்தார்கள்.

பழக்கதோஷத்தில் கல்பனா முதலில் பிரிக்ஸ் மீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். சர்க்கரை ஆறுக்கு மேல் என்று காட்டியது. அந்தப் பெண்மணி சிரித்தாள். நூற்றுக்கு இரண்டுதான் இருக்கிறது, சாராயச் சத்து கலந்திருப்பதால் உன் கருவி ஏமாந்துபோகிறது என்றாள். புளிப்பு எவ்வளவு என்று கல்பனா கேட்டாள். முக்காலுக்குச் சற்று மேலே. கல்பனா மனசுக்குள் வகுத்துப் பார்த்தாள். பெங்களூரா ரக மாங்கூழில் ஒரு பங்கு புளிப்புக்கு இருபத்தைந்து பங்கு சர்க்கரை இருக்கும். இதில் இரண்டரைப் பங்கு. அந்தக் கணக்குப்படி பார்த்தால் வாயில் வைக்கவே முடியாது, புளியம்பிஞ்சு மாதிரி இருக்கவேண்டும்.

முதலில் முகர்ந்தாள். எலுமிச்சைத் தோலை நகத்தால் கிள்ளியது போல ஒரு வாசனை. பின்னால் பச்சை ஆப்பிள். அதற்கும் பின்னால் மண்ணெண்ணெய். நம்பாமல் மறுபடி முகர்ந்தாள். மண்ணெண்ணெய்தான், பக்கத்து வீட்டில் யாரோ பம்ப் ஸ்டவ் பற்றவைத்த மாதிரி, லேசாக. நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பெண்மணி இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்துவிட்டாயா என்று தலையை ஆட்டினாள். நாள்பட்ட ரீஸ்லிங்கில் இந்த வாசனையைத் தேடிப் போகிறவர்களே உண்டாம்.

அப்புறம் ஒரு வாய். நாக்கு நுனியில் இனிப்பு. தேன் என்று நினைப்பதற்குள் புளிப்பு வந்து அதை வாரிக்கொண்டு போனது. போயேவிட்டதா என்று தேடினால் ஓரத்திலிருந்து மறுபடி இனிப்பு. கூழில் இனிப்பு ஏறினால் திகட்டும், புளிப்பு ஏறினால் பல் கூசும். நடுவில் ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்வதுதான் ஒன்பது வருஷமாக அவள் பிழைப்பு. இங்கே அந்தக் கோடு ஓர் இடத்தில் நிற்கவே இல்லை. வாய்க்குள் நடந்துகொண்டே இருந்தது. அது எங்கே போய் முடிகிறது என்று அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. தொட்டியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே விழுங்கினாள்.

அது தொண்டையில் இறங்கிய பிறகும் வாய் சுத்தமாக, ஈரமாக, இன்னொரு வாய்க்குத் தயாராக இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. காரமான சாப்பாட்டோடு குளிரக் குளிரக் குடித்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று அந்தப் பெண்மணி சொன்னாள். கல்பனா சரி என்று சிரித்துவிட்டு, எதையும் காட்டிக்கொள்ளாமல், டம்ளரைக் கழுவி வைத்தாள்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால், அவள் வீடு அப்படிப்பட்ட வீடு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தணிகைமணி குடித்துவிட்டு வண்டியைக் கவிழ்த்தான். பைபாஸில், பட்டப்பகலில். உள்ளே இருந்தது சவாரி அல்ல, பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவந்த துர்கா. அவளுடைய இடது முழங்கை இன்றைக்கும் முழுசாக நீளாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் இந்த மலையில், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். அவன் அம்மாவும் கல்பனாவும் பக்கத்தில் நின்றார்கள். அன்றிலிருந்து தொடவில்லை. மருந்து, டாக்டர், ஊசி எதுவும் கிடையாது. அந்தக் கற்பூரம் ஒன்றுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை, தணிகைமணியின் அக்கா புருஷன் ஜெகநாதன் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். சுசித்ரா மேடம் ஸ்டேட்டஸில் போட்டிருந்த போட்டோ எப்படியோ கைமாறி அவனுக்கு வந்திருந்தது. பச்சை பாட்டில், ஜெர்மன் பெண்மணி, டம்ளரோடு கல்பனா.

"இன்னா மாப்ள, நீ கற்பூரம் அடிச்சிட்டு வூட்டுக்காரம்மாவ டூட்டிக்கு அனுப்பிட்டியா?" என்றான்.

"பாவா, அது டேஸ்ட்டு பாக்குற வேலை. துப்பிடுவாங்க" என்றான் தணிகைமணி.

"ஆங், ஆங். நானும் கடை வாசல்ல நின்னுகினு டேஸ்ட்டு பாத்துதான் துப்பிகினு கீறேன். ஃபாரின் சரக்கு மாப்ள! யாருனா துப்புவாங்களா? பாவம்டா நீ, பன்னீர் சோடாவ குடிச்சிகினு கிட."

தணிகைமணி சிரித்தான். அந்தச் சிரிப்பில் பல் மட்டும்தான் இருந்தது. சமையல்கட்டில் மிக்சியை நிறுத்திவிட்டுத் தாயாரம்மாள் வெளியே வந்தாள்.

"ஏம்மா, துப்பிட்டியா இல்லியா?"

துப்பிவிட்டேன் என்று கல்பனா தலையை ஆட்டினாள். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை என்று அப்போது ஒரு சமாதானம். அந்த ஒரு தலையாட்டலில்தான் சிக்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் தணிகைமணி இருபது நிமிஷம் தாமதமாக வந்தான். பங்க்கில் கூட்டம் என்றான். கழற்றிப் போட்ட சட்டையை மாட்டுகிற சாக்கில் தாயாரம்மாள் முகர்ந்து பார்த்ததைக் கல்பனா பார்த்தாள். டீசல் வாசனைதான் போல. ஆனாலும் கிழவிக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் முடிவைச் சொல்லிவிட்டாள். "அந்த ஜெகநாதன் விடமாட்டான். பொண்டாட்டி குடிச்சா உனக்கு இன்னாடான்னு என் புள்ள காதுல ஓதிகினே இருப்பான். செவ்வாக்கெழம மேல போலாம். ஒரு சொட்டு உள்ள போவலன்னு நீயும் அடிச்சிடு. என் புள்ளயும் பக்கத்துல நின்னு பாக்கட்டும். அத்தோட ஜெகநாதன் வாய் அடங்கிடும்."

மேலே வண்டியை நிறுத்தினார்கள். வெயில் சுட்டது. முடியெடுத்த தலைகளில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. தரிசனம் முடித்து வெளியே வந்ததும் தாயாரம்மாள், "தேங்கா ஒடச்சிட்டு வரேன், இங்கயே நில்லுங்க" என்று போனாள். கற்பூரம் ஏற்றும் கல்லுக்குப் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் நின்றார்கள். கல் எண்ணெய்க்கறையில் கறுத்து மினுங்கியது.

"நீ முழுங்கின" என்றான் தணிகைமணி. இவளைப் பார்க்காமல், மதில்மேல் உட்கார்ந்திருந்த குரங்கைப் பார்த்துச் சொன்னான்.

"யாரு சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? அன்னிக்கு சாயங்காலம் காரக்குழம்பு வெச்ச. ஒரு வாய் சாப்ட்டுட்டு அப்டியே செவுத்த பாத்துகினு ஒக்காந்திருந்த. இன்னாத்தையோ தேடிகினு இருந்த. அந்த மூஞ்சி எனக்குத் தெரியாதா? கண்ணாடில தெனம் பாத்த மூஞ்சி."

அவன் சொன்னது உண்மை. குழம்பின் காரம் நாக்கில் ஏறியபோது அந்தக் குளிர்ந்த புளிப்பு எங்கே என்று வாய் தானாகக் கேட்டது. ஒரு வாய் விழுங்கியதுகூடப் பெரிதில்லை, அதை இவனிடமே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கலாம். சொல்லவிடாமல் செய்தது அந்தத் தேடல்தான். இவனுக்கு இருந்ததும் இதேதானா? இல்லை, இவன் ருசித்ததே இல்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றிக்கொண்டவன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அப்படிச் சொல்லிக்கொள்வது வசதியாக இருந்தது. வசதியாக இருந்ததாலேயே அதை அவளால் முழுசாக நம்ப முடியவில்லை.

"கோவமா?" என்றாள்.

"கோவமெல்லாம் இல்ல. எப்டி இருந்துச்சு?"

கேட்ட விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. பசித்தவன் அடுத்த இலையைப் பார்ப்பது போல இருந்தது.

"வேணாங்க. அத கேக்காதீங்க."

"சரி, வுடு." அவன் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "அம்மா வந்தா சும்மா அடிச்சிடு. ஒரு தட்டு தட்டுனா அணைஞ்சிடும். அம்மாக்கும் நிம்மதி, பாவா வாயும் அடங்கும். கற்பூரம் இன்னா பண்ணப் போவுது?"

கல்பனா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க அடிச்சப்பவும் இப்டித்தான் நெனச்சீங்களா?"

"அப்ப இல்ல" என்றான் உடனே. "அப்ப நெசமாவே பயந்தேன். கை நடுங்குச்சு."

"இப்போ?"

குரங்கு மதிலிலிருந்து குதித்து யாருடைய வாழைப்பழத்தையோ பிடுங்கிக்கொண்டு ஓடியது. கூச்சல் கிளம்பியது. தணிகைமணி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். கூச்சல் ஓய்ந்த பிறகும் அவன் முகம் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த இருபது நிமிஷம் எங்கே நின்றான்? மதுக்கடைக்கு எதிரில் வண்டியை நிறுத்தி, உள்ளே போகாமல் உட்கார்ந்திருந்தானா? கேட்டால் பங்க் என்பான். கேட்பதால் ஒன்றும் ஆகாது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் வேறொன்று பளிச்சென்று தெரிந்தது. இவள் விழுங்கியது இந்த மலையில் ஓர் ஆளுக்குத்தான் தெரியும். அவன் பக்கத்தில் நின்று பார்க்கப்போகிறான். இவள் பொய்யாகத் தட்டி, தீ அணைந்து, ஒன்றுமே நடக்காமல் மூவரும் வண்டியேறி வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றால், அவன் அதையும் பார்த்திருப்பான். கற்பூரம் ஒன்றும் பண்ணாது என்பதை அவள் கையாலேயே அவனுக்குக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். அடுத்த தடவை அப்படி ஓர் இருபது நிமிஷம் வந்தால் அவனைத் தடுத்து நிறுத்த அப்புறம் என்ன மிச்சம்?

தட்டாவிட்டால், மாமியார் இன்றே கம்பெனி வேலையை விடச் சொல்வாள். ஜெகநாதன் தெருவெல்லாம் சிரிப்பான். கொஞ்ச நாளைக்கு வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்கூடக் குத்தும். அதெல்லாம் தெரிந்ததுதான்.

தாயாரம்மாள் உடைத்த தேங்காய் மூடியோடு வந்தாள். வியர்வையில் குங்குமம் வழிந்திருந்தது. குனிந்து கல்லில் வெற்றிலை போட்டு, அதன்மேல் இரண்டு வில்லை கற்பூரம் வைத்தாள். காற்றில் மூன்று தீக்குச்சி அணைந்தன. நாலாவதைத் தணிகைமணி இரு கையாலும் பொத்திப் பற்றவைத்துக் கொடுத்தான். அவன் விரல்களை இவள் பார்த்தாள். நடுங்கவில்லை.

தீ மஞ்சளாக எழுந்தது.

"முருகா, நீதாம்பா சாட்சி" என்று தாயாரம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மருமகள் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபமே இல்லை, பயம்தான். "ம், சொல்லிட்டு அடிம்மா. ஒரு சொட்டும் உள்ள போவலன்னு சொல்லு. சீக்கிரம், காத்து அடிக்குது."

"அடிச்சிடு கல்பனா" என்றான் தணிகைமணி மெதுவாக. இப்போதுதான் அவன் கண் இவள் முகத்துக்கு வந்திருந்தது. அப்புறம் அங்கிருந்து அகலவே இல்லை.

கல்பனா வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"உள்ள போச்சு அத்தை" என்றாள். மாமியாரைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் அவனுக்குக் கேட்கும்படியாக. "நான் அடிக்க மாட்டேன்."