ஐந்து ஜெராக்ஸ்

எழுந்தேன். பல் தேய்த்தேன். முகம் மழித்தேன். பச்சைத் தண்ணீரில் குளித்தேன். அத்தை வைத்த காப்பியில் ஆடை படிந்திருந்தது; விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தேன். பெட்டியைப் பூட்டினேன். டாக்சிக்குச் சொன்னேன்.

இன்று என்னை விமானத்தில் ஏற்றுவார்கள். நாங்கள் குடியிருக்கும் நாட்டுக்குள் ஒருமுறை மட்டும் நுழையலாம் என்று அதன் தூதரகம் கடிதம் கொடுத்துவிட்டது. என் மனைவி அங்கே ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருக்கிறாள். வெளியே எடுக்க என் கையெழுத்து வேண்டும்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் அவள்தான் சொன்னாள்: "அம்மா பக்கத்துல இருந்தா தெம்பா இருக்கும். போய்க் கூட்டிட்டு வா."

அத்தையை அழைத்துப்போக ஊருக்கு வந்தேன். திரும்புவதற்கு முந்தைய நாள், நான் தூங்கும்போது, மாமா என் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்துக்கொண்டு போனார். அந்த நாட்டில் நான் குடியிருப்பதற்கான கார்டு. தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று ஜெராக்ஸ் எடுத்தாராம். கரண்ட் பில்லுக்கே ஜெராக்ஸ் எடுக்கிற மனிதர். ஐந்து தாளோடு வந்தார். கார்டு மெஷினின் மூடிக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தபோது இல்லை. "எத்தனையோ பேர் வந்து போறாங்க, யாரைப் போய்க் கேக்குறது?" என்றார் கடைக்காரர்.

விமான நிலையத்தில் அந்த ஐந்தையும் நீட்டினேன்.

"ஒரிஜினல் இல்லாம ஏத்த முடியாது சார்."

அத்தை தனியாகப் போகப் பயந்தார். தூதரகத்தில் இன்று வா, நாளை வா என்றார்கள். ஆபரேஷன் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. தனியாக உள்ளே போனவள் வெளியே வரவில்லை.

டாக்சி வந்து ஹாரன் அடித்தது. மாமா ஒரு கவரை நீட்டினார்.

"மாப்பிள்ளை, லெட்டரை மூணு ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன்."

"ஒரிஜினல் எங்க?"

"உங்க பையிலதான். ரெண்டு தடவை பாத்துட்டேன்."

பார்த்தேன். இருந்தது. இல்லாமலிருந்தால் அவரை அடித்திருக்கலாம்.

கவரை வாங்கிக் கிழித்தேன்.

"நல்லதுக்குத்தானே பண்ணேன்..."

"உங்க நல்லதுக்கு ஒரு கும்பிடு. அவ ஒருத்தி போனது பத்தாதா?"

அத்தை சமையலறையிலிருந்து வந்தார். "அந்த மனுஷனையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைங்க மாப்பிள்ளை. தொலைஞ்சா உதவும்."

துக்கம் கேட்க வந்திருந்த சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாமா அவர் பக்கம் திரும்பி அழுதார். "அப்பா மேல கோவப்படாதீங்கன்னுதான் எம்பொண்ணு கடைசியா சொல்லிட்டுப் போனா."

பொய். ஆபரேஷன் அன்றைக்கு அவள் அவரிடம் பேசவே இல்லை. உள்ளே தள்ளிக்கொண்டு போகும் முன் போனில் என்னிடம்தான் பேசினாள். அவர் பேச்சையே எடுக்கவில்லை. அவள் சொன்னது இதுதான்:

"சாவிய எதிர்வீட்டு அக்காகிட்ட குடுத்திருக்கேன். வந்ததும் பெல் அடிச்சிடாத, அவங்க நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்குவாங்க. மெதுவா தட்டு."