மாதம் பத்தாயிரம் பார்வை

அச்சங்குளத்து அழகுமீனாவின் வலது கையில் உணர்ச்சி இருப்பதும் இல்லாததும், பட்டாசு விலைப்பட்டியலை அந்த நேரத்தில் எத்தனை பேர் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்திருந்தது. ஒருவர் திறந்தால் சுண்டுவிரல் மரக்கும். இருபது பேர் திறந்தால் மணிக்கட்டு வரை போகும். பார்த்து மூடியதும் சுண்டுவிரல் நுனியிலிருந்து தொடங்கித் திரும்பி வரும். சாத்தூரில் டாக்டர் நரம்புக்கு ஊசி போட்டார், சத்து மாத்திரை கொடுத்தார், கீரை சாப்பிடச் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. இணையதளம் அவருடைய படிப்பில் இல்லை.

இது ஆரம்பித்தது 2021-இல். அவள் வேலை பார்த்த கம்பெனிக்கு, திருத்தங்கல் விக்னேஷ்குமார் ஓர் இணையதளம் செய்து கொடுத்திருந்தான். அதில் போட்ட அழகான எழுத்து வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றிடம் வாங்கியது. பட்டாசுப் பெட்டி லேபிளில் அச்சடிக்கத்தான் அதற்கு உரிமம் உண்டு, இணையதளத்தில் போடுவதற்குத் தனி உரிமம், அதுவும் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும் என்று அங்கிருந்து நோட்டீஸ் வந்தது. முதலாளிக்கு வந்ததே கோபம். எழுத்துக்கெல்லாம் வாடகையா, நம்ம ஆபீஸில் யாருக்கும் எழுதத் தெரியாதா என்று கத்தினார். ஆபீஸில் யாருக்கும் எழுதத் தெரியாதுதான். ஆனால் பூச்சட்டி அறையில், புஸ்வாணத்துக்கு வெடிமருந்து செலுத்துகிற அழகுமீனா, பெட்டிகளின் மேல் சரக்குப் பெயரை மார்க்கரில் எழுதுவாள். சும்மா சொல்லக்கூடாது, கோலம் போட்ட மாதிரி இருக்கும். விக்னேஷ்குமார் கட்டம் போட்ட தாள்களைக் கொடுத்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் எண்களையும் எழுதித் தந்தாள், அவன் அதைக் கம்ப்யூட்டர் எழுத்தாக மாற்றினான். ஒருமுறை சூடு பட்டவன் என்பதால் அவன் ஒப்பந்தத்தை ஒழுங்காகவே எழுதினான். எழுத்து அழகுமீனாவுடையது, ஓர் இணையதளத்துக்கு மட்டும், மாதம் பத்தாயிரம் பார்வைக்கு உட்பட்டது. கையெழுத்துப் போட்டாள். முதலாளி ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார்.

முதல் வருஷம் விரல் நுனியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். மறு வருஷம் சித்திரையில் இணையதளம் இரண்டு நாள் படுத்துவிட்டது. அந்த இரண்டு நாளும் எறும்பு இல்லை. அழகுமீனா பேருந்து ஏறித் திருத்தங்கல் போய் விக்னேஷ்குமாரின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டுகிற எண் ஒன்று அதில் இருந்தது. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "இப்ப ஒருத்தர் தெறந்தாக. இப்ப ரெண்டு பேரு. ஒருத்தர் போயிட்டாக" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எண் அப்படியே ஏறி இறங்கியது. விக்னேஷ்குமார் எண்ணையும் அவள் முதுகையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் டீ சொன்னான்.

பத்தாயிரம் பார்வையோடு நின்றிருந்தால் ஒரு பாதகமும் இல்லை. ஆனால் நம் பக்கத்தில் ஒரு சரக்கு ஓடினால் மறுநாளே அதே சரக்கு பத்துப் பெயரில் வரும். லேபிளில் சேவலுக்கு ஓர் இறகைக் கூட்டிப் போட்டு வேறு சேவல் என்பார்கள். இணையதளத்துக்கு மட்டும் வேறு நியாயமா? பெயரையும் போன் நம்பரையும் மாற்றிவிட்டு, விலைப்பட்டியலை எழுத்தோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போனார்கள். 2023 ஆடியில் அழகுமீனாவின் எழுத்து நூற்று அறுபது இணையதளங்களில் இருந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்களெல்லாம் சங்குசக்கரம் என்ன விலை, பூச்சட்டி என்ன விலை என்று அவள் கையெழுத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை முழங்கை வரை செத்துக் கிடந்தது. சோற்றைப் பிசைந்தால் சூடா ஆறியதா என்று தெரியாது. தலை வாரும்போது சீப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணாடியில் பார்ப்பாள். அழக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. கையோடு சேர்ந்து மனசும் ஒரு மாதிரி மரத்துப் போயிருந்தது.

வேலைக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. பத்தொன்பது வருஷமாக அவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். மருந்தை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். இதை அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஆவணியில் ஒருநாள் காலை பத்து மணிக்கு, அறையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தபோது, எதிரில் இருந்த எழில் சட்டென்று எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தது அழகுமீனாவுக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்தாள். அந்தக் கை குச்சியை வைத்து மருந்தைக் குத்து குத்தென்று இடித்துக்கொண்டிருந்திருக்கிறது. எழில் மெதுவாக, "எக்கா, கைய எடுங்க. எனக்கு ரெண்டு புள்ளைக இருக்கு" என்றாள். நாலு பேரும் எழுந்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். போர்மேன் ஜெயபாண்டி நல்ல மனிதர்தான். "கோவிச்சுக்கிடாதீக. கை சரியாகாம உள்ள வர வேண்டாம். அடுத்த ஆடிக்குள்ள சரியாச்சுன்னா ஒங்க எடம் ஒங்களுக்கு, இல்லேன்னா வேற ஆளப் போடணும்" என்றார். அவளுக்கு அவர்மேல் வருத்தமில்லை. எழிலை நினைத்துத்தான் உடம்பு நடுங்கியது, வலது கையைத் தவிர.

அதன்பின் விக்னேஷ்குமாரின் பைக்கில் உட்கார்ந்து அவள் சிவகாசி, தாயில்பட்டி என்று கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாள். உரிமம் ஓர் இணையதளத்துக்குத்தான், நீங்கள் எடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். எல்லோரும் மரியாதையாக உட்காரவைத்தார்கள், கலர் வாங்கிக் கொடுத்தார்கள், தீபாவளி முடியட்டும் என்றார்கள். தீபாவளி முடிந்து போனால் பொங்கல் முடியட்டும் என்றார்கள். நோட்டீஸ் அனுப்புவோம் என்று விக்னேஷ்குமார் பயம் காட்டியதும், பன்னிரண்டு பேர் ஒவ்வோர் எழுத்தின் வாலை மட்டும் கொஞ்சம் சுருட்டிவிட்டு, இது வேறு எழுத்து என்றார்கள். அந்தப் புண்ணியத்தில் அவளுக்குச் சுண்டுவிரலின் நுனி மட்டும் திரும்பக் கிடைத்தது. ஒரு வாரம் அதை வைத்து எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த ஆடிக்கு நாலு மாதம் இருந்தபோது, அவள் புருஷன் வேலுச்சாமி வாயைத் திறந்தான். தாயில்பட்டியில் பட்டாசு காயப்போடும் களம் ஒன்று தீப்பிடித்ததில் அவன் வலது கை வெந்து போய்ப் பதினைந்து வருஷமாகியிருந்தது. புண் ஆறிவிட்டது, உணர்ச்சி மட்டும் வரவில்லை. லோடு வண்டிகளுக்குக் காவல் இருந்தான். அதிகம் பேசமாட்டான். அன்றைக்குச் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "அந்தக் கட்டம் போட்ட தாள என்கிட்ட குடுக்கச் சொல்லு. நான் எழுதுதேன்" என்றான்.

"ஒங்க கையும் போயிருமே."

"போறதுக்கு அதுல என்ன இருக்கு?"

ஐந்தாம் வகுப்போடு நின்றவன். விரல்களுக்கு நடுவே மார்க்கரைச் செருகி, நழுவாமல் துணியால் கட்டிக்கொண்டு, பங்குனியும் சித்திரையும் எழுதினான். எழுத்துகள் ஒன்று ஆட்டுக்கொம்பு போல, ஒன்று உடைந்த நாற்காலி போல வந்தன. அழகுமீனா பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை விக்னேஷ்குமார் எழுதிய உரிமம் நாலே வரி. யார் வேண்டுமானாலும், எத்தனை இணையதளத்தில் வேண்டுமானாலும் போடலாம், எத்தனை பேரும் பார்க்கலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். ஒரே நிபந்தனை, அழகுமீனாவின் எழுத்து அந்த இணையதளத்தில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஓசியில் வருவதை வேண்டாம் என்று சொல்கிற ஊரா இது? நோட்டீஸ் பயமும் உள்ளுக்குள் இருந்தது. வைகாசி முடிவதற்குள் நூற்று அறுபதும் மாறிவிட்டன. கோணல் எழுத்தைப் பார்த்து, இதுதான் அசல் கைவேலை என்று வெளியூர்க்காரர்கள் பாராட்டியதாகவும் கேள்வி. அவள் வேலை பார்த்த கம்பெனிதான் கடைசியாக மாற்றியது.

2024 ஆடியில் பார்வை ஒரே நாளில் லட்சத்தைத் தாண்டியது. விக்னேஷ்குமார் போன் போட்டு, "அண்ணே, கை எப்படி இருக்கு?" என்று கேட்டான். வேலுச்சாமி கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்படியேதான் இருக்கு" என்றான். அழகுமீனா அறைக்குள் போய் எழிலுக்கு எதிரில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். முதல் நாள் ஜெயபாண்டி வாசலிலேயே நின்று பார்த்தார். மத்தியானத்துக்குமேல் போய்விட்டார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாத்தூர் போய்விட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வேலுச்சாமி சன்னல் ஓரம். வெளியே வெயில், கருவேலங்காடு, வரிசையாகக் கம்பெனிச் சுவர்கள். அழகுமீனா தன் வலது கையை எடுத்து அவன் வலது கையின் மேல் வைத்தாள். தீ தின்ற தோலின் ஒவ்வொரு மடிப்பும் அவளுக்குத் தெரிந்தது. சூடாக இருந்தது. விரல்களைக் கோத்துக்கொண்டாள். அவன் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தான். நாலு நிறுத்தம் போயிற்று.

"ஒங்க கையப் பிடிச்சிருக்கேன்" என்றாள்.

வேலுச்சாமி குனிந்து பார்த்தான். "ஆமா" என்றான்.

அதற்கப்புறம் அவன் கையைப் பிடிக்கும்போதெல்லாம் அவள் முதலில் சொல்லிவிட்டுத்தான் பிடித்தாள். அவனும் ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்துக்கொண்டான்.