பிரஸ் நான்கு: முப்பத்தைந்து நிமிடம்

1

வலது தோளில் ஆரம்பித்து முழங்கை வரை இறங்கும் வலி அது. இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினில் அச்சு மாற்றி மாற்றி வருவது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பன்னிரண்டு வருடமாக, அச்சு மாட்டிக் கொடுக்கும் செட்டராக இருக்கும் பூவராகவனுக்கு இருக்கிறது. என் அப்பாவுக்கும் இருந்தது. அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டுதான் டீக்கடையில் பூவராகவன் சொன்னார்: "கம்பெனில சின்னதா ஒரு ட்ரபுள்ப்பா. ஒரு பொண்ணுக்கு வெரலு பூட்ச்சு."

'சின்னதா' என்றாரே, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் வரியே வரவில்லை.

'சிப்காட் புகைபோக்கிகளுக்குப் பின்னால் சூரியன்...' வேண்டாம். ஷெட்டுக்குள் நிற்கிறவர்களுக்குச் சூரியன் தெரியாது.

'மோனிகா ஆயிரம் கனவுகளோடு...' இதுவும் வேண்டாம். விரல் போன அந்த மோனிகா ஷேர் ஆட்டோவில் வந்தாள், காண்ட்ராக்ட் வேலைக்கு.

நேராகச் சொல்லிவிடுகிறேன். பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் மேல்பாகம் இறங்கும். கைகள் வெளியே இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் ஷிப்டுக்குச் சொன்ன எண்ணிக்கை வராது. அதனால் இடது பொத்தானில் ஒரு ஆப்பைச் செருகி, அமுங்கியபடியே வைத்துவிடுவார்கள். இடது கை தகடு வைக்கும். வலது கை அமுக்கும். பூவராகவனின் ஆப்பு, அவர் மனைவியின் தேய்ந்த நீலச் செருப்பில் வெட்டிய துண்டு. ஷிப்ட் தொடங்கினால் பொத்தானில், முடிந்தால் சட்டைப் பையில். எல்லா செட்டர்களிடமும் ஒன்று இருக்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

3

(நடுவே ஒன்று. எங்கள் பக்கம் மெஷின் நின்றால் ட்ரபுள். பூவராகவனின் மாமனாருக்கு நெஞ்சில் ட்ரபுள். கழிவறைக்குப் போக ஐந்து நிமிடம் கேட்டதற்காக மோனிகாவை சூப்பர்வைசர் பரணிதரன் 'ட்ரபுள் பார்ட்டி' என்பார். ஷிப்ட் நோட்டிலும் ட்ரபுளுக்கு ஒரு கட்டம் உண்டு. எதிரே எத்தனை நிமிடம் என்று எழுத வேண்டும். தமிழில் கோளாறு, நோவு, தொல்லை, கஷ்டம் என்று வேறு வேறாக வைத்திருக்கிறோம். அவற்றில் ஒன்றைச் சொன்னால், யாருக்கு, யாரால் என்றும் சொல்லவேண்டி வரும். ட்ரபுள் என்று சொல்லிவிட்டால்...)

கட்டுரை போதும்.

4

மதியம் இரண்டே கால். தகடு கோணலாக உட்கார்ந்தது. மோனிகாவின் இடது கை அதை நேராக்கப் போனது. வலது கை, காலையிலிருந்து செய்ததையே செய்தது. இரண்டு விரல்கள்.

பூவராகவன் ஓடிப்போய் அவள் கையைத் துணியால் சுற்றினார். முதல் பிரதியில் இப்படித்தான் எழுதினேன். அவரும் இப்படித்தான் சொன்னார். மூன்றாவது டீயில்தான் மீதி வந்தது. ஓடிப்போய் முதலில் ஆப்பைப் பிடுங்கிப் பையில் போட்டார். அப்புறம்தான் துணி. நடுவே இரண்டு விநாடி இருக்கும்.

நோட்டில் எழுதினார்: பிரஸ் 4. ட்ரபுள். 35 நிமிடம்.

5

பத்து நாள் கழித்து ஆப்பிள் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார்.

"இன்னாணா, ஆப்பிளா? நறுக்க ஒரு ஆளையும் வாங்கினு வந்துருக்கலாமே."

"வலிக்குதாம்மா?"

"இல்லாத வெரலுதான் வலிக்குது. அத்த வுடு. நான் கவனமில்லாம கைய வுட்டேன்னு ரிப்போர்ட்டு எழுதிகிறாங்க. காண்ட்ராக்டர் இனிமே வராதன்றான். அந்தப் பேரோட போனா வேற எவன் கம்பெனி கேட்டுக்குள்ள வுடுவான்? செவ்வாக்கெழம ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் விசாரிக்க வர்றாரு. ஆப்பு இருந்துச்சுன்னு நீ ஒரு வார்த்த சொல்லுணா."

"எல்லா செட்டரும் வெக்கறதுதானேம்மா..."

"எல்லாரும் வெக்கறாங்க. என் கையப் பாக்கறதுக்கு முந்தி அத்தப் புடுங்கனது நீதான். நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

பூவராகவன் தோளைத் தேய்த்துக்கொண்டார்.

மறுநாள் பரணிதரன் கூப்பிட்டார். "இன்னா பூவு, ஆப்பிள்லாம் குடுத்துக்கினு சுத்தறியாமே? பேஜாரு பண்ணாத. ஆப்பு இருந்துச்சுன்னு சொன்னா, வெச்சது யாருன்னு அடுத்த கேள்வி வரும். உனுக்கு ரெண்டு பொண்ணுங்க. ரெண்டும் படிக்குதுங்க."

6

முடிவு ஒன்று: அவர் சொல்கிறார். வேலை போகிறது, மோனிகாவின் பெயர் மிஞ்சுகிறது. எழுதிப் பார்த்தேன். நான் வளர்ந்த காலனியில் அப்படிச் சொன்ன ஒருத்தரைக்கூட நான் பார்த்ததில்லை. பேனா நகரவில்லை.

முடிவு இரண்டு: செவ்வாய்க்கிழமை லீவு போடுகிறார். சுலபமாக வந்தது. அவ்வளவு சுலபமாக வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவு மூன்று: வாய் திறக்காமல் செருப்புத் துண்டை இன்ஸ்பெக்டரின் மேஜைமேல்... சினிமா. அடித்துவிட்டேன்.

நிஜமாக என்னிடம் இருப்பது திங்கட்கிழமை சாயங்காலம் மட்டும்தான். டீக்கடையில் அவர் பையைப் பார்த்தபடி கேட்டேன், "அந்தத் துண்டு இன்னும் இருக்குதா?"

"அது இல்லாட்டி கணக்கு வராதேப்பா."

"நாலாம் நம்பர்ல இப்ப யாரு?"

"நர்மதான்னு ஒரு புதுப் பொண்ணு." டீயை ஒரே மடக்கில் குடித்தார். "நல்ல ஸ்பீடு."

செவ்வாய் நாளைக்கு. அதை நான் எழுதப்போவதில்லை. இன்ஸ்பெக்டர் எதிரே ஒரு நாற்காலி இருக்கும். பூவராகவனுக்குப் பதிலாக நீங்கள் அதில் உட்கார்ந்து பாருங்கள். மோனிகா வாசலில் நிற்பாள், கையில் கட்டோடு. உங்கள் சட்டைப் பையிலும் ஒரு நீலத் துண்டு இருக்கும்.

நீங்கள் என்ன சொல்வீர்களோ எனக்குத் தெரியாது. கணக்கு மட்டும் தெரியும்: பூவராகவன் மோனிகாவுக்கு ஒரு சாட்சி பாக்கி.