சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்

மறுநாள் காலை டிரைவிங் டெஸ்ட். அவளுக்கு இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும், மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்ன இடத்தில் கார் பின்னால் சறுக்கியது. அதோடு கதை முடிந்தது. லைசென்ஸ் கைக்கு வந்தால்தான் அவளுக்குக் கிடைத்திருக்கும் வேலை நிலைக்கும். கணவரோ, "கிளட்சுல இவ காலே படியல" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவளும் அதை நம்பித் தொலைத்திருந்தாள்.

பேட்டரி மாற்ற வந்த மெக்கானிக்கின் கண்ணில்தான் அது பட்டது. வாசலில், தெருச் சரிவில் நின்ற காரின் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்.

"ஹேண்ட்பிரேக் கொஞ்சம் லூஸு. அதான் கல்லு இருக்கே, அப்புறம் என்ன?" என்றார் கணவர்.

"டெஸ்ட்டுக்கும் மேடம் கல்ல மடியில கட்டிக்கிட்டா போவாங்க?"

மெக்கானிக் பிரேக்கை இழுத்துப் பார்த்தார். 'டிக் டிக்'கென்று பதினொரு சொடக்கு வரை போயும் பிடிக்கவில்லை. "அஞ்சாறுலயே பிடிக்கணும் சார்." டெஸ்ட் மேட்டில் அவள் நம்பி இழுத்ததும் இதே பிரேக்கைத்தான். அவளுக்குச் சுருக்கென்றது.

காரைச் சமதளத்துக்குக் கொண்டுபோய், முன்சக்கரத்துக்கு அதே கல்லை முட்டுக் கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் கழற்றித் தூசி துடைத்து, டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவை நெருக்கி வைத்தார். அப்புறம்தான் கேபிளைத் தொட்டார். "ஷூ தள்ளி நிக்கிறப்ப கேபிள மட்டும் முறுக்கி என்ன புண்ணியம்?" சக்கரத்தை மாட்டிப் பார்த்தபோது, பிரேக்கை இறக்கினால் லேசாகச் சுழன்றது, ஏற்றினால் ஆறாவது சொடக்கில் இறுகியது.

திரும்பச் சரிவில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு இறங்கினார். கல் இல்லாமலே கார் அசையாமல் நின்றது.

"தள்ளுங்க, மேட்டுல எப்படி எடுக்கணும்னு காட்டறேன்" என்று கணவர் ஏறினார். எஞ்சின் உறுமியது, கார் குலுங்கி அணைந்தது. மறுபடியும் அதே கூத்து. "என்னப்பா, இருந்ததையும் கெடுத்துட்டியே!" என்று மெக்கானிக்கிடம் பாய்ந்தார்.

"ஹேண்ட்பிரேக்க இறக்குங்க" என்றாள் அவள்.

கல்லை நம்பி ஹேண்ட்பிரேக்கையே மறந்திருந்த மனிதர் அசடு வழிந்தார். இறங்கி, சாவியை அவளிடம் நீட்டினார்.

அவள் எடுத்தாள். கார் ஓர் அங்குலம்கூடச் சறுக்காமல் மேடேறியது. உச்சியில் நிறுத்தியபோது கண் நிறைந்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது.

"ரெண்டு தடவையும் என் காலைத்தான திட்டினீங்க?"

கையில் கல்லோடு மூச்சிரைக்க ஏறி வந்த கணவர் அதைக் கீழே வைத்தார். "நாளைக்கு நானும் கூட வரவா?" என்று கேட்டார்.

"வாங்க. பின்சீட்டுல, வாயத் திறக்காம."