யன்னலில் ஒட்டின வெள்ளித்தாள்

இப்போதைய சனத்துக்கு எங்கே போனாலும் இன்ரநெற் வேணும். காட்டைப் பார்க்கப் போறம் என்று வெளிக்கிடுவினம். காட்டுக்குள்ளேயும் கணினிப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பினம். என்ரை மருமகள் அஜந்தாவும் அந்த வகைதான் என்று கனகாலம் நினைச்சிருந்தன்.

2008 ஆடி முதலாம் திகதி. மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறுகிற நாள். கோட்-டெ-நெய்ஜ் வீட்டை நாங்கள் விட்டாச்சு. புது வீட்டுக்காரனோ பெயின்ற் காயேல்லை, ஒரு கிழமை பொறுங்கோ என்றான். மகன் இரவிச்சந்திரன் சாமான்களைச் சிநேகிதன் வீட்டிலே அடைஞ்சுபோட்டு, அடுப்பு, கட்டில் எல்லாம் உள்ள மோட்டர்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்தான். ஒரு கிழமையும் ஊர் சுத்துவம் என்றான்.

பிறத்தியாற்றை வண்டி. மீன் பொரிச்சால் எண்ணெய் தெறிக்கும், பேந்து கறை என்று காசு பிடிப்பாங்கள். எங்கடை ஆக்கள் குசினிச் சுவருக்கு ஒட்டுற மாதிரி அடுப்பைச் சுத்தி அலுமினிய வெள்ளித்தாள் ஒட்டினன். மிஞ்சின தாளை வீணாக்காமல் யன்னல் எல்லாத்துக்கும் ஒட்டினன். வெயிலும் வராது, ஆரும் எட்டிப் பார்க்கவும் ஏலாது.

அடுத்த நாள் காலமை எட்டரைக்கு எனக்கு ஒரு அலுவல் இருந்தது. திருச்சியில் இருக்கிற என்ரை அண்ணை பேரின்பநாதனுக்கு மறுநாள் இருதய ஒபரேசன். எழுபத்தெட்டு வயசு. எழும்புவார் என்று சொல்லேலாது என்றாராம் டொக்டர். நான் அவரைக் கண்டு இருபத்திரண்டு வருசம். கமெராவிலே முகம் பார்க்கலாம் என்று ஒழுங்குசெய்தது அஜந்தா. அண்ணையின்ரை மகன் அவரை ஒரு நெற் கடைக்குக் கூட்டிக்கொண்டு வருவான். அங்கே பின்னேரம் ஆறு மணி. ஆறரைக்கு ஆசுப்பத்திரிக்கு வெளிக்கிடவேணும்.

ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் வண்டியை விட்டிட்டு மகன் மீன் வாங்கப் போனான். அஜந்தா லப்ரொப்பில் ஒரு சின்னக் குச்சியைச் செருகினாள். ரெலிபோன் கொம்பனி குடுத்தது. வயர் இல்லாமல் இன்ரநெற் வருமாம். வரேல்லை. கழட்டினாள், செருகினாள். பத்து நிமிசம் போச்சு. நானும் சும்மா இருக்கேல்லை. உந்தக் குச்சியை நம்பி அந்தாளைக் காக்கவைச்சிட்டாய், ரெலிபோன் கார்ட் போட்டிருந்தால் குரலாவது கேட்டிருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னன்.  அவள் யன்னல்களைச் சுத்திப் பார்த்தாள். சட்டென்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடினாள்.

பின்னாலே நானும் போனன். ஸ்ரோபெரி விக்கிற பிரெஞ்சுக்காரியிடம் ஏதோ கதைச்சாள். அந்த மனிசி இரண்டு மரப்பெட்டியைக் கவிழ்த்து வைச்சது. ஒன்று லப்ரொப்புக்கு, ஒன்று எனக்கு. இன்ரநெற் வந்திட்டுது. ஆனால் வெயிலுக்குத் திரையில் ஒண்டும் தெரியேல்லை. அஜந்தா என்ரை தோளில் கிடந்த துவாயை உருவி, என்ரை தலைக்கும் பெட்டிக்கும் மேலே விரிச்சுப் பிடிச்சாள்.

உள்ளே அண்ணை இருந்தார்.

"டேய், எங்கையடா தலைமயிர்?"

"உங்களுக்கு மட்டும் காடாக் கிடக்கோ?"

சிரிச்சார். பிறகு சிரிப்பு நிண்டுபோச்சு.

"பயமாக் கிடக்கடா தம்பி."

அண்ணை பயம் என்று சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. ரெலிபோனில் சொல்லியிருக்கமாட்டார். முகத்தைக் கண்டபடியால் சொன்னார். ஒபரேசனுக்குப் போட்டு வாங்கோ, நாளைக்கும் இப்பிடி வந்து இருப்பன் என்றன். சரி என்று தலையாட்டினார். பதினொரு நிமிசம். (அவர் எழும்பி, இப்ப கோயிலுக்கு நடந்து போய்வாறார்.)

துவாயைப் பார்த்தன், ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரமும் அந்தப் பெட்டை கையை இறக்கேல்லை.

"கை நோகுதோ பிள்ளை?" என்றன். கலியாணம் முடிச்சு வந்து எட்டு வருசம். பிள்ளை என்று அன்றைக்குத்தான் வாயில் வந்தது. நான் பேசின பேச்சுக்கு வேறை ஆரும் என்றால் பெட்டியை மூடி வைச்சிருப்பினம்.

"இல்லை மாமா. யன்னல் தாளைக் கழட்டுவம். அதுதான் மறிச்சது."

"மொன்றியலில் எங்கடை ஆக்கள் எல்லாற்றை குசினியிலும் ஒட்டியிருக்கு. அவையளுக்கு வரேல்லையோ?"

"அது வீடு மாமா. இது சுத்திவரத் தகரம். யன்னலாலதான் வரவேணும்."

 நல்ல சிவப்பாய்ப் பார்த்து ஒரு பெட்டி ஸ்ரோபெரி வாங்கி அவளின்ரை கையில் குடுத்தன். யன்னலில் வேணுமென்றால் கழட்டு, அடுப்படியில் தொடாதை என்று சொல்லிப்போட்டு மீன்கடைப் பக்கம் நடந்தன்.

தாளாவது, மறிக்கிறதாவது.