குழாய்க்குள் படிந்தது

ஒரே வாரத்தில் ஐந்தாவது கன்று. வயிற்றுப்போக்கில் கண் குழிந்து, கால் நீட்டிச் செத்துக் கிடந்தது. வெர்னா டோலெஃப்சன் அன்று காலை எலிசெயோவைத்தான் பிடித்துக்கொண்டாள். வேராக்ரூஸிலிருந்து நாடு விட்டு வந்து, அவளுடைய விஸ்கான்சின் பண்ணையில் ஆறு வருடமாகக் கன்றுகளைப் பார்த்துக்கொள்பவன்.

"கையைக் கழுவிட்டு உள்ள வான்னு எத்தனை தடவை சொல்றது? உங்க ஊர்ல இதெல்லாம் சொல்லித்தரலையா?"

பால் கறக்கும் ஆட்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எலிசெயோ கையுறைகளைக் கழற்றி வாளி விளிம்பில் போட்டான்.

"என் கை சுத்தமாத்தான் இருக்கு, பாத்ரோனா." முதலாளியம்மாவை அவன் தன் மொழியில் அப்படித்தான் கூப்பிடுவான்.

மறுநாள் அவன் பக்கத்துப் பண்ணையில் சேர்ந்துவிட்டான்.

கன்றுகள் சாவது நிற்கவில்லை. மாட்டு டாக்டர் ஹைடி வந்து, குடிக்கத் தெம்பில்லாத கன்றுகளுக்குத் தொண்டை வழியே பால் இறக்கும் குழாயைக் கேட்டாள். கத்தியால் நீளவாக்கில் கிழித்து, உட்புறத்தை விரலால் வழித்துக் காட்டினாள். மஞ்சளாக, வழவழவென்று வந்தது.

"குடல் கிருமிதான். கூட்டமா ஒட்டிக்கிட்டு, மேல ஒரு சவ்வு கட்டிக்கும். பிளீச் ஊத்தினாலும் அடியில இருக்கிறது சாகாது. கன்னோட குடல்லயும் இப்படித்தான் ஒட்டிக்கும், மருந்து சரியா ஏறாது. பிரஷ் போட்டுத் தேய்க்கணும். இதை யாரு கழுவுறது?"

வெர்னாவுக்குக் காது சுட்டது. "நான்தான்."

வேறு யாரையும் அதைத் தொடவிட்டதில்லை அவள். போன வருடம் எலிசெயோ ஒரு நீளமான பிரஷ் வாங்கிவந்தபோது, "பிளீச்சை விடவா உன் பிரஷ்?" என்று சிரித்திருந்தாள்.

அன்று மதியமே பக்கத்துப் பண்ணைக்குப் போனாள். ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் தனியா வாயேன், எலிசெயோ."

அவன் எழுந்திருக்கவில்லை. "அன்னைக்கு எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க. இதையும் இங்கயே சொல்லுங்க."

ஆறேழு முகங்கள் அவளைப் பார்த்தன. ஓடிவிடலாமா என்றிருந்தது.

"கன்னுங்க செத்தது உன்னால இல்ல. நான் கழுவின குழாயால. உன் ஊரை இழுத்துப் பேசினேன். அது அசிங்கம். மன்னிச்சுடு."

அவன் மெல்லத் தலையசைத்தான். "நான் கிளம்புறப்போ நோவா கிடந்துச்சே, அந்தக் கறுப்புக் கன்னு இருக்கா?"

"நேத்துப் போயிடுச்சு."

அவன் கையிலிருந்த உணவைக் கீழே வைத்தான்.

"திரும்பி வர்றியா?"

"இல்ல, மிசஸ் டோலெஃப்சன்."

குழாய்களைப் புதிதாக மாற்றி, தினமும் தேய்த்தாள். சாவு நின்றது. தீவனக் கடையில் எப்போதாவது எதிர்ப்பட்டால் எலிசெயோ மரியாதையாகத் தொப்பியைத் தொடுவான். முதலில் பார்வையைத் தாழ்த்துவது வெர்னாதான்.